டயல்டோன் அண்ணனும் அரை மோடமும்

துக்க வீட்டுக்குப் போய், மாலையைப் போடுவதற்கு முன்னால் டெலிபோன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் டயல்டோன் அண்ணன்.

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி தவறிவிட்டார். கூடத்தில் நடுவில் பெரியவரைக் கிடத்தியிருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு ஸ்டூலில் டெலிபோன். டயல்டோன் அண்ணன் மாலையோடு உள்ளே வந்தார், கூட்டத்தை விலக்கினார், நேராக ஸ்டூலுக்குப் போனார். ரிசீவரை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டு, “அருமையான லைனு. ஒரு கரகரப்புக் கெடையாது. குடுத்து வச்ச மனுசன்” என்றார். இறந்தவரின் மகன்கள் கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் இருந்தது, வேறெங்கும் புழங்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தக் கடையில் ஏறினாலும், முதலில் அங்கிருக்கும் போனை எடுத்துக் காதில் வைத்து, டயல்டோன் எப்படி இருக்கிறது என்று கேட்பார். சில வீடுகளில் முகம் மலரும். சில வீடுகளில் “ம்ஹூம், ஈரம் எறங்கிருச்சு” என்று வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். ஊர் சும்மா இருக்குமா? டயல்டோன் என்றே வைத்துவிட்டது.

இப்போது என் வீட்டில் வைஃபை கொஞ்ச நேரம் நின்றால் என் மகள் வீட்டை இரண்டாக்குகிறாள். “ஒரு கனெக்ஷனுக்காக மாசக்கணக்கா ஒரு மனுசன் அலைஞ்சதை நான் கண்ணால பார்த்திருக்கேன்” என்று ஆரம்பித்தால், எழுந்து போய்விடுகிறாள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்களாவது பக்கத்தைத் திருப்பாமல் இருங்கள்.

நான் அப்போது போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார். பாடம் நடக்காத நேரத்தில் அதுவே பிரௌசிங் சென்டர். இண்டர்நெட் என்பது டெலிபோன் ஒயர் வழியாக வந்த காலம் அது. ஒயரை மோடம் என்ற பெட்டியில் செருக வேண்டும். மோடம் நம்பரைச் சுழற்றும், கீயென்று கத்தும், நாள்பட்ட இருமல்காரர் மாதிரி கரகரவென்று காறும். மனம் வைத்தால் சேரும். இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து.

டயல்டோன் அண்ணனுக்கு மலைமேல், போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, சரிவில் ஏலக்காய்த் தோட்டம். போடியில் பூர்வீக வீடு இருந்தாலும் மனைவியோடு தோட்டத்திலேயே இருந்தார். ஏலக்காய் ஏலம் நடக்கிற நாட்களில் ஜீப்பில் இறங்கி வருவார். அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மதினிக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. எதிரில் நின்று வாயசைவைக் காட்டிப் பேசினால் பிடித்துக்கொள்வார். அவர் பேசினால் மட்டும் பக்கத்துத் தோட்டம் வரை கேட்கும்.

ஒரே மகன் சரவணன், கனடாவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். டயல்டோன் அண்ணன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு “ம்... ம்... அப்படியா... சரிப்பா” என்று சொல்லிக்கொண்டிருப்பார். மதினி பக்கத்தில் நின்று, அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, “என்ன சொல்றான்? என்ன சொல்றான்?” என்று மலை அதிரக் கேட்டுக்கொண்டே இருப்பார். போனை வைத்ததும் அண்ணன் செய்தி வாசிப்பார்.

“நல்லா இருக்கானாம்.”

“இம்புட்டு நேரம் பேசுனானே?”

“அம்புட்டுத்தேன் சொன்னான்.”

“பொய்யி. முழுங்கிட்டீக. என் மகன் எனக்குச் சொன்னதைப் பூராத்தையும் நீங்களே முழுங்கிட்டீக!”

இந்தச் சண்டை வாரா வாரம் நடந்தது. தன் மகனின் வார்த்தைகள் தனக்கு வந்து சேராமல் நடுவழியில் களவு போகின்றன என்று மதினி உறுதியாக நம்பினார். கடிதம் எழுதச் சொன்னால், “இந்தக் காலத்துல யாருப்பா தபால் எழுதுறா, ஒரு மெயில் போட வழி பண்ணுங்க, தினமும் எழுதுறேன்” என்றானாம் மகன். மதினிக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும். அந்த எழுத்திலேயே தமிழை எழுதினால் கூட்டிப் படித்துக்கொள்வார். ஆக, மகன் சொல்வது முழுதாக, சேதாரம் இல்லாமல் மதினியின் கண்ணுக்கு வரவேண்டும். டயல்டோன் அண்ணனின் வாழ்க்கையில் அதற்குப் பிறகு வேறு லட்சியம் கிடையாது.

“எங்க சென்டருக்கு வாங்க மதினி, நான் எடுத்துத் தர்றேன்” என்று எதிரில் நின்று சொல்லிப் பார்த்தேன்.

“என் மகன் எனக்கு எழுதுறதை நாலு ஆளு முதுகுக்குப் பின்னால நின்னு படிக்கணுமாக்கும்?” என்றார். அதோடு அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் அவருக்கு வாந்தி வேறு. ஆகவே கம்ப்யூட்டரே மலையேறுவது என்று முடிவாயிற்று.

இங்கேதான் சனி பிடித்தது. கடைக்காரர் பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது அண்ணன் பில்லை வாங்கிப் பார்த்தார்.

“விண்டோசு இருக்குன்னு சொன்னீரு. பில்லுல காணாமே?”

“அது பில்லுல வராதுண்ணே. நாங்களே போட்டுக் குடுத்துருவோம்.”

“நீங்க செஞ்சதா அது?”

“இல்லண்ணே... காப்பி. ஊரு பூராவும் அப்படித்தேன் போடுறது.”

“அப்ப திருட்டுக் காயி” என்றார் அண்ணன்.

கடைக்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஏலத்தோட்டக்காரர்களுக்கு யானை, பன்றி, பூச்சியைவிடப் பெரிய சத்துரு காய்த் திருடன். வருஷம் முழுக்கக் காத்திருந்து, நாளைக்குக் காய் எடுப்பு என்றால் இன்றைக்குப் பொழுதோடு ஒரு வரிசைச் செடி பூராவும் காய் இல்லாமல் காலியாக இருக்கும். அண்ணன் தோட்டத்தில் அது பலமுறை நடந்திருந்தது. திருட்டுக் காயை வாங்கிக் காயவைத்து விற்பவனைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு கொதிக்கும். அப்படிப்பட்டவரிடம் போய், ஊர் பூராவும் அப்படித்தான் என்று சொல்லலாமா?

“எவனோ பாடுபட்டுச் செஞ்ச சாமான். அதை என் வீட்டுக்குள்ள விடமாட்டேன். அழிச்சுக் குடுய்யா” என்றார்.

மாதப் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக ஒரு சிடி வந்திருந்தது. விண்டோஸ் செய்கிற வேலையைச் செய்யும் லினக்ஸ். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்று அட்டையிலேயே போட்டிருந்தான். அதைப் படித்ததும் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. “மனுசன்னா இவந்தேன்” என்றார். எனக்கு லினக்ஸ் அரைகுறை. அந்த அரைகுறையை நம்பித்தான் ஜீப்பில் ஏறினேன்.

லினக்ஸ் ஏறிக்கொண்டது. திரை வந்தது, எலி நகர்ந்தது, லினக்ஸின் அடையாளமான பென்குயின் படம்கூட வந்தது. மோடம் மட்டும் வரவில்லை. அப்படி ஒரு பொருள் இந்தப் பெட்டிக்குள் இல்லவே இல்லை என்று கம்ப்யூட்டர் சாதித்தது. பெட்டியைத் திறந்து, உள்ளே செருகியிருந்த மோடம் அட்டையை உருவி, அண்ணன் கையிலேயே கொடுத்தேன். பிறகு விஷயத்தை மெதுவாக உடைத்தேன். இந்த அட்டை முழு மோடம் இல்லை, மோடத்தின் பாதிதான். மீதிப் பாதி வேலையை விண்டோஸ் செய்துகொள்ளும். விண்டோஸ் இல்லையென்றால் இது வெறும் தகடு.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மீதியை எங்க போயி வாங்குறது?”

“அதுக்கு டிரைவர்னு ஒரு புரோகிராம் இருக்காம்ணே. இண்டர்நெட்ல கெடைக்குமாம்.”

“இண்டர்நெட் எப்படி வரும்?”

“இந்த மோடம் வேலை செஞ்சா வரும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மலைக்காரர்கள் மஞ்சு என்று சொல்லும் பனிமூட்டம் வந்து மூடியிருந்தது. என் எதிர்காலமும் அப்படித்தான் இருந்தது.

போடியில் இறங்கி, சென்டரில் உட்கார்ந்து டிரைவரைத் தேடிப் பிடித்து, பிளாப்பி என்ற அந்தக் காலத்துச் சதுரத் தகட்டில் ஏற்றினேன். ஒரு பிளாப்பிக்கு அடங்காமல் துண்டு துண்டாகப் பிரித்து ஏற்றினேன். மறுபடியும் ஜீப்பு. எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு, பிளாப்பி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வளைவில் ஜீப்பு ஒரு குலுக்குக் குலுக்க, யாருடைய கருவாட்டு மூட்டையோ டப்பாவின் மேல் வந்து உட்கார்ந்தது. மேலே போய்ப் போட்டுப் பார்த்தால் எல்லாப் பிளாப்பியும் படித்தது, கடைசி பிளாப்பியைத் தவிர. அதில் மீன் வாசனை மட்டும் வந்தது.

அடுத்த முறை எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இப்போது கம்ப்யூட்டர் வேறொன்று கேட்டது. டிரைவரை அங்கேயே சமைத்துக்கொள்ள வேண்டுமாம், அதற்கான சாமான்கள் இரண்டாவது சிடியில் இருக்கிறதாம். பத்திரிகைக்காரன் கொடுத்தது முதல் சிடி மட்டும். இரண்டாவது அடுத்த இதழில் என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஒரு மாதம் காத்திருந்தோம். அடுத்த இதழ் வந்தது. சிடியும் வந்தது. அதில் அருவிகளும் பூக்களும் ஆடுகிற ஸ்கிரீன்சேவர்கள் இருந்தன.

அன்றைக்கு நான் மனம்விட்டுச் சொன்னேன். “அண்ணே, கால்ல வேணும்னாலும் விழுறேன். அந்தத் திருட்டு விண்டோசைப் போட்டுக்கிருவோம். மதினி ஒரு மெயிலைப் படிக்கட்டும். அப்புறம் அழிச்சிருவோம்.”

“திருட்டுக் காயை ஒரு நாளைக்கு மட்டும் காயப்போட்டுக்கிறேன்னு எவனாவது சொன்னா நீங்க விடுவீகளா? உங்க சோலியைப் பாருங்க தம்பி” என்று உள்ளே போய்விட்டார். மதினி மட்டும் எனக்குக் காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் மறுபடியும் மறுபடியும் மலையேறினேன்.

கடைசியில் அண்ணன் மதுரைக்கு ஆளனுப்பி, வெளியில் வைக்கிற மாதிரி ஒரு முழு மோடமே வாங்கி வந்துவிட்டார். முன்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். இதற்கு டிரைவர் வேண்டாம், பாதி, மீதி என்று பேச்சே இல்லை. ஒயரைச் செருகினேன். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தானே பொத்தானை அமுக்கினார். மோடத்தைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லை என்றது கம்ப்யூட்டர்.

“யாருக்கு அனுமதி இல்ல?”

“உங்களுக்குத்தாண்ணே.”

“என் வீட்டுல, என் கரண்டுல, என் மோடத்தைத் தொட எனக்கு அனுமதி இல்லையா? யாருக்கிட்டக் கேக்கணும்?”

ரூட் என்று ஒரு எசமானர் உள்ளே இருக்கிறார், முழு அதிகாரமும் அவருக்குத்தான், அவர் அனுமதித்தால்தான் மற்றவர்கள் தொடலாம் என்று விளக்கினேன். அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “அப்ப அதுல ஒங்க மதினியைப் போட்டு விடுங்க. நடைமுறையும் அதுதேன்” என்றார். அப்படிச் செய்யக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கும். நான் செய்தேன்.

அனுமதி கிடைத்ததும் மோடம் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை: டயல்டோன் இல்லை.

அண்ணன் ஓடிப்போய் ரிசீவரை எடுத்தார். டயல்டோன் இருந்தது. ஆனால் அதன் பின்னால் யாரோ மொறுமொறுவென்று முறுக்குத் தின்கிற சத்தமும் இருந்தது. அன்றைக்குத்தான் அவர் காது திறந்தது என்று சொல்ல வேண்டும். நல்ல டயல்டோன் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் ஊரில் இருக்கிற போனையெல்லாம் எடுத்துக் கேட்க ஆரம்பித்தார். ஊருக்கு அது கேலி. அவருக்கு அது படிப்பு.

டயல்டோனுக்குக் காத்திருக்காமல் நீ பாட்டுக்கு நம்பரைப் போடு என்று மோடத்துக்குச் சொல்ல ஒரு கட்டளை இருந்தது. அதைக் கொடுத்தேன். மோடம் கத்தியது, காறியது, சேர்ந்த மாதிரி இருந்தது, அறுந்தது. லைன்மேன் வந்து பார்த்தார். தங்கமான மனிதர். அவர் காதில் வைத்து, “பேச முடியுதுல்லண்ணே? பெறகென்ன?” என்றார்.

“மனுசன் பேசலாம்யா. மெசினு பேச முடியலையே.”

லைன்மேன் ஒயர் மூட்டுகளுக்கெல்லாம் புது டேப் சுற்றினார். மலை ஒயர், எல்லாம் பழசு, மஞ்சு இறங்கினால் டேப்புக்குள்ளும் ஈரம் போய்விடும், புது ஒயர் வரும்போது முதலில் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, தானே வருத்தப்பட்டுக்கொண்டு போனார்.

இதில் கொடுமை என்னவென்றால், கார்த்திகையிலிருந்து தை வரைக்கும், காய் எடுப்பு மும்முரமாக இருந்தபோது, சில நாட்கள் லைன் நன்றாகவே நின்றது. அப்போதெல்லாம் உள்ளே நுழைய விடாமல் கடவுச்சொல் சரியில்லை, அது சரியில்லை, இது சரியில்லை என்று லினக்ஸ் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்தது. நான் ஒரு வழியாக எல்லாவற்றையும் படித்து, திருத்தி, கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டபோது எடுப்பு முடிந்துவிட்டது, லைனும் செத்துப்போயிற்று. நான் கைகழுவிவிடத் தீர்மானித்தேன். அண்ணன்கூட அன்றைக்கு ரிசீவரை எடுக்கவில்லை. சும்மா அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

மதினி அடுப்படியிலிருந்து வந்து மோடத்தைக் காட்டினார். “இந்தா, இந்த மூணாவது வெளக்கு. ஸ்டோர்ல தீப் போட்ட அன்னைக்கெல்லாம் நின்னு எரிஞ்சுச்சு. தீப் போடாத அன்னைக்கு மினுக்கு மினுக்குன்னுட்டு அணைஞ்சிருது. நானும் பாத்துக்கிட்டேதேன் இருக்கேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். இத்தனை மாதமும் நாங்கள் இரண்டு பேரும் மோடத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மதினிக்குச் சத்தம் கிடையாது. அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டோர் என்பது பச்சைக் காயைக் காயவைக்கிற கட்டடம். வெளியே அடுப்பில் விறகை எரித்தால், உள்ளே குழாய் வழியாகச் சூடு பரவி, அடுக்கடுக்கான தட்டுகளில் காய் காயும். டெலிபோன் ஒயர் கம்பத்திலிருந்து இறங்கி, அந்த ஸ்டோரின் பின்சுவரில், புகைபோக்கிக்குப் பக்கத்தில் மூட்டுப் போட்டுத்தான் வீட்டுக்கு வந்தது. சுவர் சுட்டால் மூட்டு காய்ந்தது. மூட்டு காய்ந்தால் மோடம் பேசியது. ஆகக்கூடி, மெயில் வேண்டுமென்றால் ஸ்டோருக்குத் தீப் போட வேண்டும்.

மறுநாள் காலையிலேயே அண்ணன் தீப் போட்டார். சித்திரை மாசம். ஒரு செடியில்கூடப் பறிக்கிற காய் இல்லாத மாசம். வெறும் தட்டுகள் உள்ளே வெந்துகொண்டிருந்தன. நான் போடியிலிருந்து முதல் ஜீப்பில் ஏறினேன். பாதி வழியிலேயே ஜீப்பில் பேச்சு அடிபட்டது.

“டயல்டோன் ஸ்டோர்ல பொகை வருதாம்ல?”

“இந்த மாசத்துல ஏதுய்யா காயி?”

“அதேன் கேக்குறேன். ஏது காயி?”

எடுப்பு இல்லாத மாசத்தில் ஒரு ஸ்டோரில் புகை வந்தால் எங்கள் மலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எவனோ பதுக்கிவைத்த திருட்டுக் காய் உள்ளே காய்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முன்னால் வேறு இரண்டு ஜீப்புகள் நின்றன. பக்கத்துத் தோட்டத்து ராசு அண்ணன் தலைமையில் ஒரு கூட்டம். ராசு அண்ணனுக்குப் போன எடுப்பில் பாதித் தோட்டம் களவு போயிருந்தது. மனிதர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

“யோக்கியன் மாதிரி ஊருக்கு நியாயம் பேசுனீரே! காயி எங்கய்யா?”

டயல்டோன் அண்ணன் முகத்தில் கரியோடு அடுப்பு முன்னால் எழுந்து நின்றார். அவர் முகம் அப்படிச் செத்து நான் பார்த்ததில்லை. திருட்டு என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து இவ்வளவு பாடும் பட்டவர். அந்தச் சொல் ஜீப்பு பிடித்து அவர் வாசலுக்கே வந்திருந்தது.

“காயி இல்ல ராசு. தெறந்து பாரு.”

திறந்தார்கள். சூடு முகத்தில் அடித்தது. அடுக்கடுக்காகத் தட்டு. தட்டு நிறைய ஒன்றுமில்லை. கூட்டம் குழம்பிப்போயிற்று.

“வெறுந்தட்டை எதுக்குய்யா காயப்போடுறீரு?”

“தட்டை இல்ல. டெலிபோன் ஒயரைக் காயப்போடுறேன்.”

ராசு அண்ணன் மெதுவாகப் பின்வாங்கினார். கோபமெல்லாம் போய், அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. “பாவம்யா. ஆளு வேற மாதிரி ஆயிட்டாரு. அவுக அண்ணந்தம்பிக்குச் சொல்லிவிடுவோம்” என்று, ஸ்டோர் வாசலில் தொங்கிய பேரலல் போனை எடுத்து டயல் செய்யப் போனார்.

வீட்டுக்குள்ளிருந்து மதினியின் அலறல் கேட்டது. “அய்யோ, அணைஞ்சு போச்சே! வெளக்கு அணைஞ்சு போச்சே!”

உள்ளே ஓடினேன். நான் முன்பே சொல்லிக்கொடுத்தபடி மதினியே பொத்தானை அமுக்கி, மெயில் வந்துகொண்டிருந்திருக்கிறது. மகன் பெயர் மட்டும் திரையில் வந்து நின்றிருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. ஒரே ஒயர் அல்லவா, அங்கே ரிசீவரை எடுத்ததும் இங்கே அறுந்துவிட்டது. மதினி அந்தப் பெயரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்து, இத்தனை வருஷத்தில் யாரிடமும் கத்தாத கத்தலாகக் கத்தி, விஷயத்தைச் சொன்னேன். காது கேட்காத தாய், கனடாவில் மகன், வாரா வாரம் சண்டை, அரை மோடம், கருவாடு, எல்லாம்.

ராசு அண்ணன் ரிசீவரை, கண்ணாடிச் சாமான் மாதிரி, மெதுவாக வைத்தார். “எனக்கென்னய்யா தெரியும்?” என்றார். பிறகு ஒரு சாக்கை இழுத்துப் போட்டு அந்தப் போனுக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டார். “எவனும் கிட்ட வரக்கூடாது. வந்தா கையை ஒடிச்சிருவேன்.”

மறுபடியும் போட்டேன். மோடம் கத்தியது, காறியது. மூன்றாவது விளக்கு நின்று எரிந்தது. மெயில் வந்தது. முழுசாக.

நாலு ஆள் முதுகுக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்ற மதினிக்குப் பின்னால், வாசல் வரைக்கும் ஒரு ஜீப்புக் கூட்டம் நின்றது. அவருக்கு அது தெரியவும் இல்லை. எழுத்துக் கூட்டி, மலைக்கே கேட்கிற குரலில் படிக்க ஆரம்பித்தார்.

“அம்... மா. நான் நல்... லா இருக்... கேன். சாப்... பிட்... டேன். இங்க ரொம்... பக் குளிரு. அப்... பாவ மாத்... திரை போடச் சொல்லு.”

கூட்டத்துக்குச் சப்பென்று போய்விட்டது. மதினி திரும்பி, கதவருகே கரி முகத்தோடு நின்ற அண்ணனைப் பார்த்தார். “நீங்க சொன்னது நெசந்தேன் போல. இவன் இம்புட்டுத்தேன் பேசுவான்” என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கீழே இன்னும் இருந்தது. மதினி மேலே படித்தார்.

“அப்பா கிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பக்கத்துல நின்னு நீ கேப்பேல்ல, என்ன சொல்றான், என்ன சொல்றான்னு. அது இங்க நல்லாக் கேக்கும். அதைக் கேக்கத்தான் நான் போன் பண்றேன். இதை அப்பாகிட்டச் சொல்லி உன்கிட்டச் சொல்லச் சொல்ல எனக்கு வரலை.”

எழுத்துக் கூட்டிப் படித்ததால் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் முதலில் புரிந்தது. மதினிக்குக் கடைசியாகப் புரிந்தது. புரிந்ததும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அதுவரை நான் அவர் சத்தமில்லாமல் இருந்து பார்த்ததில்லை.

ராசு அண்ணன் போனுக்குக் கீழிருந்தபடியே தொண்டையைச் செருமினார். “வெறகு பத்துமாய்யா? நம்ம தோட்டத்துல வெட்டிப் போட்டது கெடக்கு. டேய், போயி வெரசா ஒரு லோடு கொண்டாங்கடா” என்றார்.

விறகு வந்தது. கூட்டம் கலைந்தது. மதினி பதில் எழுத உட்கார்ந்தார். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடித் தட்டினார். மத்தியானம் ஆயிற்று, மழை மூட்டம் போட்டது, அவர் எழுந்திருக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது திரையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

வெளியே வந்தேன். டயல்டோன் அண்ணன் அடுப்பு முன்னால் குத்தவைத்து, ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். சட்டை தூறலில் தொப்பலாக நனைந்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

“அண்ணே, எழுதும்போது லைனே வேண்டாம். எழுதி முடிச்சிட்டு, அனுப்புற நேரத்துக்குப் போட்டாப் போதும். தீயை விட்டுட்டு உள்ள வாங்க.”

“தெரியும் தம்பி” என்றார், திரும்பாமல். “அந்த வெளக்கு எரியுற வரைக்கும் மகன் எதுக்க உக்காந்திருக்கான்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அணைஞ்சா எழுத்தை நிப்பாட்டிருவா.”

மாசக்கணக்காக நான் மனதுக்குள் திட்டித் தீர்த்த அந்த மனிதரை எனக்கு அப்போது அவ்வளவு பிடித்துப்போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கட்டையை எடுத்து நானும் உள்ளே தள்ளினேன்.